நோட்டில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் போன வாரம் நோட்டில் பச்சை ஸ்டிக்கரோடு வந்தான். 'கேட்டுக் கற்பவர்' என்று அச்சடித்திருந்தது. பள்ளியில் பன்னிரண்டு கேள்விக்கு டிக் அடிக்கச் சொல்லிப் பிரித்தார்களாம். அன்று ராத்திரி பின்னக் கணக்குக்குப் படம் போடச் சொன்னேன். "எனக்குப் படம் வராது ஆயா, நான் கேட்டுக் கத்துக்கிற டைப்பு" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். வயிறு எரிந்தது.

சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், அவரவர் வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் இந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் இருப்பது. 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியல் அறிஞர்கள் இதுபற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். அவர்கள் அளவுகோல் இதுதான்: இரு வகைப் பிள்ளைகளையும் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு விதமாகவும் பாடம் நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். அவரவர் வகைக்கேற்ற பாடத்தில் அவரவர் அதிக மதிப்பெண் எடுத்தால்தான் நம்பலாம். அப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே சொற்பம். அவற்றிலும் பல எதிராகவே வந்தன. போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

"ஆய்வு சொல்லுது மேடம்" என்றார் பள்ளிக்குப் பயிற்சி தர வந்தவர். எந்த ஆய்வு, எத்தனை பிள்ளைகள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது சுமார் 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு மறுபடியும் தேறியது. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கும்போதே செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே! பி.எட். வகுப்பிலேயே ஆய்வுக் கட்டுரைகளைக் கேள்வி கேட்டு வாசிக்கப் பழக்க வேண்டும்.

நேற்று ஸ்டிக்கரை வெந்நீர் தொட்டு உரித்தேன். பேரன் வட்டம் போட்டு எட்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தண்டையார்பேட்டை