ஆங்கில ஆசிரியர்களே, சொல்லோடு அழுத்தத்தையும் சொல்லிக் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு வணக்கம்.

புதிய சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் ஸ்பெல்லிங்கையும் பொருளையும் சொல்லித் தருகிறீர்கள். அந்தச் சொல்லில் எந்த அசை (சிலபிள்) அழுந்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். இலக்கணம் பிசகாமல் பேசும் பெண் ஒருத்தி, போனில் வெளிநாட்டுக்காரரிடம் 'டெவலப்' என்கிறாள், முதல் அசையை அழுத்தி. அவருக்குப் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறாள், அதே அழுத்தத்தோடு. அப்போதும் புரியவில்லை. 'டி-வெ-லப்' என்று நடு அசை ஓங்கி, இரண்டு பக்கமும் அடங்கியிருந்தால் முதல் தடவையே விளங்கியிருக்கும். 'கமிட்டி', 'இவென்ட்' ஆகியவற்றிலும் இரண்டாம் அசைதான் ஓங்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் காது, அழுந்திய அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லைத் தேடுகிறது. இந்தியரின் ஆங்கிலம் பிரிட்டிஷ்காரர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்த ஆர். கே. பன்சால், புரியாமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லழுத்தப் பிழையை 1969இலேயே காட்டிவிட்டார். வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண்ணுக்கான நான்கு அளவுகோல்களில் ஒன்று உச்சரிப்பு.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'பல்', 'பால்' என்று நீளம் மாறினால் பொருள் மாறும். அழுத்தம் இடம் மாறிப் பொருள் மாறுவது நமக்குப் பழக்கமில்லை. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்பதன் முதல் அசை அழுந்தினால் பெயர்ச்சொல், இரண்டாம் அசை அழுந்தினால் வினைச்சொல். ஒரே குடும்பத்துக்குள்ளும் அழுத்தம் நகரும்: 'போட்டோகிராப்' முதல் அசையில், 'போட்டோகிராபர்' இரண்டாம் அசையில், 'போட்டோகிராபிக்' மூன்றாம் அசையில். இதற்கெல்லாம் விதியே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த ஈற்றுக்கு முந்தைய அசைதான் அழுந்தும். 'எஜுகேஷன்' என்றால் 'கே', 'எலெக்ட்ரிசிட்டி' என்றால் 'ட்ரி'. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரே பீரியடில் பிடிபடும்.

சொல்லித் தரும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். "அழுத்திச் சொல்லு" என்றால் பிள்ளைகள் கத்துவார்கள். ஆளுக்கொரு ரப்பர் பேண்டைக் கொடுத்து, அழுந்தும் அசை வரும்போது மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அசை தானாக நீளும், குரலும் உயரும். அதைவிட முக்கியம், மற்ற அசைகள் தேய வேண்டும். 'பனானா'வில் நடுவில் உள்ள 'னா' மட்டுமே முழுசாக ஒலிக்கும். முதலும் கடைசியும் மங்கிவிடும். இப்படி மங்கும் ஒலி நம் பிள்ளைகளுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். 'காசு', 'பட்டு' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறார்கள். அந்தத் தமிழாசிரியரைப் பத்து நிமிடம் உங்கள் வகுப்புக்கு அழைத்து, குறுகும் உகரத்தை வாய்விட்டுச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலச் சொல்லுக்கு வாருங்கள்.

லண்டன்காரர் மாதிரி பேச வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் ரகரமும் நம் பேச்சின் ராகமும் அப்படியே இருக்கட்டும். தமிழில் பேசும்போது 'ஹோட்டல்' என்பதை யாரும் மாற்றவும் வேண்டாம், அது நம் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அதன் இரண்டாம் அசை ஓங்கட்டும்.

அகராதியில், அழுந்தும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அடுத்த பாடத்தின் புதிய சொற்களைப் பலகையில் எழுதும்போது அந்தக் கோட்டையும் போடுங்கள். பிள்ளைகளும் நோட்டில் போட்டுக்கொள்ளட்டும். உங்களுக்கே சந்தேகம் வந்தால் அவர்கள் முன்னாலேயே அகராதியைப் புரட்டுங்கள். பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவர்களுக்கும் வரும்.

அன்புடன்,
ஆங்கிலப் பேச்சுப் பயிற்றுநர் ஒருவர்