காஸாவிலிருந்து லேவுக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஹிமாச்சலின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் பட்டாணி பறிப்பு முடிந்ததும் காஸாவிலிருந்து கீலாங் போய், அங்கிருந்து லடாக்கின் லேவுக்குப் பஸ் ஏறப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல வழி. ஆனால் "ஒரு மாசம் காஸாவில் இருந்தாச்சு, இனிமேல் உயரம் என்னை ஒண்ணும் செய்யாது" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் உடம்பு பழகியிருப்பது காஸாவின் 3,650 மீட்டருக்கு மட்டும்தான். லே பாதையில் கூடாரம் போட்டு ஆள் பிடிக்கும் சர்ச்சு 4,290 மீட்டர், பாங் 4,600 மீட்டர் சுமார். பகலில் ஒரு கணவாயைக் கடந்து இறங்கிவிடுவதை உடம்பு பொறுத்துக்கொள்ளும்; இரவில் தூங்கும் உயரம்தான் ஆளைப் படுக்க வைக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடம் ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

இன்னொன்றையும் யோசி. சர்ச்சுவுக்குத் தெற்கே பாரலாச்சா லா, வடக்கே லாச்சுலுங் லா (லா என்றால் கணவாய்). பாங்குக்குத் தெற்கே அதே லாச்சுலுங் லா, வடக்கே 5,300 மீட்டரைத் தொடும் தங்லாங் லா. நடுராத்திரி மூச்சு வாங்கினால் கீழே இறங்க வேண்டும். அங்கிருந்து இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏறியாக வேண்டும். அதனால் அந்த இரண்டு இடத்திலும் தங்காதே. கீலாங்கில் (3,080 மீட்டர்) நன்றாகத் தூங்கி, விடியற்காலையில் கிளம்பும் ஹிமாச்சல் அரசு பஸ்ஸைப் பிடித்து ஒரே மூச்சில் லே (3,500 மீட்டர்) போய்விடு. சுமார் 350 கி.மீ., 14 மணி நேரம் பிடிக்கும். இடுப்பு ஒடியும், பரவாயில்லை. வழக்கமாக செப்டம்பர் நடுவில் இந்த பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். காஸாவை விட்டுக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடு.

கீலாங்கில் எழுந்ததும் தலைவலியோ குமட்டலோ இருந்தால் அன்றைக்கு பஸ் ஏறாதே. தரையில் ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொண்டு, குதிகாலும் பெருவிரலும் ஒட்டப் பத்தடி நடந்து பார். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், அது சாதாரணத் தலைவலி இல்லை. உடனே ஆஸ்பத்திரி, உடனே கீழே. உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போடுவதானால் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவன் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். நடுவில் ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால், பழக்கமெல்லாம் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கு.

உன் முதல் நாள் பாதை, காஸாவிலிருந்து குன்சும் லா (4,551 மீட்டர்) ஏறி, பாத்தல், சோட்டா தாரா வழியாக கிராம்ஃபு. பாத்தலுக்குப் பிறகு ரோடு என்று சொல்வதற்கில்லை, உருண்டைக் கல்தான். குறுக்கே நாலாக்கள், அதாவது மலை ஓடைகள், ஓடும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகிவிடும். காஸா பஸ் இருட்டோடு கிளம்புவது அதற்காகத்தான். அதைத் தவறவிட்டு பத்து மணிக்கு மேல் ஷேர் ஜீப் தேடினால், பெருக்கெடுத்த நாலாவின் கரையில் நிற்க வேண்டி வரும்.

இறங்கிக் கடக்கச் சொன்னால் ஷூவைக் கழற்றாதே. அந்த நீரில் வெறுங்கால் அரை நிமிடத்தில் மரத்துவிடும், கல் எது, குழி எது என்று பாதத்துக்குத் தெரியாது. பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடு. விழுந்தால் பையை உதற முடியவேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, ஒரு கால் ஊன்றிய பிறகே மறு காலை எடு. முழங்காலுக்கு மேல் போனால் திரும்பி வந்துவிடு. மாற்றுச் சாக்ஸ் கைப்பையில் இருக்கட்டும், பஸ் கூரையில் கட்டிய மூட்டையில் வேண்டாம். கிராம்ஃபு தாண்டி கோக்சரில் இறங்கினால் கீலாங் பஸ் கிடைக்கும்.

குன்சும் லாவுக்கு முன்னால் வரும் லோசர் கிராமத்தைத் தாண்டினால் போன் இல்லை என்றே நினைத்துக்கொள். லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். தாபாக்களுக்குச் சில்லறை நோட்டாகப் பணம் வைத்துக்கொள். நிலச்சரிவுக்கென்று இரண்டு நாளை உபரியாக ஒதுக்காமல் லேயிலிருந்து விமான டிக்கெட் போடாதே.

கிளம்புகிற அன்று நீ தங்கியிருக்கும் காஸா வீட்டில் சாம்பா கட்டிக் கொடுப்பார்கள். வறுத்த பார்லி மாவு, நம் சத்துமாவு மாதிரிதான். மறுக்காமல் வாங்கிக்கொள். குவளையில் மூன்று கைப்பிடி மாவு, சூடான டீ கொஞ்சம், வெண்ணெய் இருந்தால் ஒரு துண்டு, விரலால் பிசைந்து உருட்டினால் பாதை நெடுக வயிறு தாங்கும். தங்கியதற்கான கணக்கை முந்தின இரவே தீர்த்துவிடு. நீ கொண்டுபோன பேட்டரி, மருந்து அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் உன்னோடு கீழே வரட்டும். அந்த ஊரில் அவற்றைப் போட இடம் கிடையாது, எரிப்பார்கள் அல்லது நாலாவில் போகும்.

லேயில் இறங்கியதும் இரண்டு நாள் எங்கும் ஏறாமல் இரு. அறை கிடைத்தவுடன் காஸா வீட்டுக்கு ஒரு போன் போட்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிடு. இங்கேயும் ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
அண்ணன்