வரி நீங்கிய பின்னும் நிற்கும் தடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் கட்டுரைகள் எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுங்க வரி குறைந்தது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வரி முழுவதும் நீங்கிய பிறகும் ஒரு சரக்கைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்த ஒரு தர விதி போதும் என்பதையும், அவ்விதி முறையானதுதானா என்று தீர்க்கும் ஏற்பாடு இன்று முடங்கிக் கிடப்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

பெரு நாட்டின் மத்தி மீன் வழக்கையே பார்க்கலாம். ஐரோப்பியச் சந்தையில் 'சார்டின்' என்ற பெயர் தாங்கிய டப்பாவில் ஒரே ஓர் இன மீன்தான் இருக்கலாம் என்றது அங்கு 1989-இல் வந்த விதி. பசிபிக் கடலில் பிடிபடும், அதற்கு நெருங்கிய இனத்தைப் 'பசிபிக் சார்டின்' என்று எழுதி விற்கவும் பெருவுக்கு வழியில்லை. இங்கே வரி என்ற பேச்சே எழவில்லை. டப்பாவின் மேலிருந்த ஒரு சொல்தான் வழக்கு. எந்தக் கடலைச் சேர்ந்தது, எந்த நாட்டுடையது என்று தெளிவாகக் குறித்தால் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என்று கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர நெறி ஏற்கெனவே அனுமதித்திருந்தது. அந்நெறியை அடிப்படையாகக் கொள்ளாத ஐரோப்பிய விதி, தர விதிகள் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று அவ்வமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே இரு தரப்பும் உடன்பாடு கண்டன.

விதிகள் எல்லாமே தடைகள் என்று நான் சொல்ல வரவில்லை. சிகரெட் பெட்டிகளில் நிறுவனங்களின் சின்னங்களுக்கு இடம் தராத ஆஸ்திரேலியச் சட்டம் செல்லும் என்று இதே மன்றம் 2020 ஜூனில் உறுதி செய்தது. மக்கள் நலனுக்கான விதி எது, நலன் என்ற பெயரில் உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கும் விதி எது என்று சான்றுகளை எடைபோட்டுச் சொல்ல நடுவர் வேண்டும் என்பதே என் வாதம்.

ஏழு பேர் இருக்க வேண்டிய அம்மன்றத்தில், புதிய நியமனங்களுக்கு அமெரிக்கா இசைவு தர மறுத்ததால், 2019 டிசம்பரில் ஒருவரே எஞ்சினார். 2020 நவம்பரில் அவருடைய பதவிக்காலமும் முடிந்தது. ஒரு வழக்கை விசாரிக்க மூவர் தேவை. (மேலே சொன்ன சிகரெட் வழக்கின் விசாரணை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.) ஆகவே, முதல்நிலை நடுவர் குழுவிடம் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், அத்தீர்ப்பு நடைமுறைக்கு வராமலே கிடக்கும். சில நாடுகள் 2020-இல் தமக்குள் ஓர் இடைக்கால ஏற்பாட்டைச் செய்துகொண்டன என்றாலும், அதில் சேராதவர்களை அது கட்டுப்படுத்தாது.

இதில் பெரிதும் இழப்பது சிறிய நாடுகளே. ஹார்மோன் செலுத்திய மாட்டிறைச்சிக்கு விதித்த தடையை, வழக்கில் தோற்ற பின்னும் ஐரோப்பா நீக்காதபோது, 1999-இல் ஐரோப்பியப் பொருள்கள்மீது வரியை உயர்த்தி, ஆண்டுக்கு 11 கோடியே 68 லட்சம் டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அமெரிக்காவால் முடிந்தது. அவ்வளவு பெரிய சந்தை இல்லாத நாட்டுக்குத் தீர்ப்பைத் தவிர வேறு பிடிமானம் ஏது?

உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயம் பற்றிய அத்தியாயங்களைத் தகராறுத் தீர்வு முறைக்கு வெளியே வைக்கும் இருதரப்பு ஒப்பந்தங்களும் பல உண்டு. எனவே, இனி ஓர் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது, அதன் எந்தெந்த அத்தியாயங்களின்மீது வழக்குத் தொடுக்க இயலும், இறுதித் தீர்ப்பை யார் வழங்குவார் என்பதையும் வரி விவரங்களோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்