நீல ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். லேப்டாப் ஆன் ஆகவில்லை, அதனால்தான் வீடியோவில் வர முடியவில்லை என்று நீ செய்தி போட்டு இன்றோடு 38 நாள். போனில் வரலாமே என்று அத்தை கேட்டாள். போன் கேமராவும் சரியில்லையாம் என்று நானாகச் சொல்லி வைத்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

லேப்டாப் விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கடையில் இன்று ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை மட்டும்தான் வேலை. அதை மதியமே முடித்துவிட்டேன்.

கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது என்றாய். அதில் பூட், டிவைஸ் என்ற வார்த்தைகள் இருந்தால், மெஷின் விண்டோஸைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் போனதால் எல்லாமே போயிற்று என்று நினைத்துவிடாதே. வீட்டுச் சாவி தொலைந்தால் உள்ளே இருக்கிற பண்டபாத்திரமும் தொலைந்தா போகும்? உன் தீசிஸ், நாலு வருஷமாக மலை மலையாக ஏறி எடுத்த அந்தப் புல் படங்கள், எல்லாம் உள்ளே அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீ எதையும் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாராவது 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று சொன்னால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடு. முதலில் காப்பி. அப்புறம்தான் ரிப்பேர்.

இதற்கு வெளியிலிருந்து மெஷினைக் கிளப்பிவிடுகிற, அதாவது பூட் ஆகிற ஒன்று கையில் வேண்டும். நான் கடை போட்ட புதிதில் அது ஃபிளாப்பி, 1.44 எம்பி. விண்டோஸ் 98 ஏறாமல் நின்றுவிட்டால் அதைப் போடுவேன். கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு, கறுப்புத் திரையில் 'ஏ' என்று ஒரு எழுத்து வரும், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு துடிக்கும். அதைப் பார்த்தால் போன உயிர் திரும்பும். அப்புறம் சிடி வந்தது. நாப்பிக்ஸ் என்று ஒன்று, ஜெர்மனியில் கிளாவுஸ் நாப்பர் என்பவர் செய்தது. 700 எம்பி சிடிக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க்கே இல்லாத மெஷினில் போட்டாலும் ஓடும். அதில் ஒன்றை ரைட் பண்ணி, நீல ஸ்டிக்கர் ஒட்டி, சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிற டிராயரில் வைத்திருந்தேன். உனக்கு நினைவிருக்கும்.

இப்போது லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது, பென்டிரைவ்தான். உனக்காக ஒன்று தயார் செய்துவிட்டேன். ஆனாலும் எப்படிச் செய்வதென்று எழுதுகிறேன். பார்சல் வரும்வரை பொறுக்க முடியவில்லை என்றால் அந்த சேலத்துப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் நீயே செய்துகொள்ளலாம். அவள் பக்கத்தில்தானே இருக்கிறாள்? அடிக்கடி பார்ப்பாயா?

8 ஜிபி பென்டிரைவ் போதும். காலியாக இருக்கட்டும், ஏனென்றால் அதில் என்ன இருந்தாலும் அழிந்துவிடும். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் மாதிரி இன்னொன்று. அந்தப் பெயரைத் தேடினால் அவர்களுடைய தளத்திலேயே ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டினது, கிடைக்கும், ஏறக்குறைய 3 ஜிபி, காசு கிடையாது. அதை அப்படியே பென்டிரைவுக்கு காப்பி பண்ணினால் பூட் ஆகாது. மெஷின் ஆன் ஆனதும் பூட் பண்ணுகிற புரோகிராமை அதற்கென்று உள்ள இடத்தில்தான் தேடும். ஐஎஸ்ஓவை வெறுமே காப்பி பண்ணினால் அது பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிற சாமான் மாதிரி. ரூஃபஸ் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, அதுதான் பிரித்து அடுக்கிக் கொடுக்கும். அதில் மேலே முதல் பெட்டியில் எந்த டிரைவில் எழுத வேண்டும் என்று கேட்கும். அங்கே மட்டும் நிதானமாகப் பார். பென்டிரைவின் பெயரும் அளவும் தெரியும். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் கொடு.

அடுத்தது உன் லேப்டாப். முழுதாக அணைத்துவிட்டு, பென்டிரைவைச் சொருகிவிட்டு, பவர் பட்டனை அமுக்கின கையோடு எஃப் 12 தட்டிக்கொண்டே இரு. டெல், லெனோவோ இரண்டுக்கும் அதுதான். ஹெச்பி என்றால் முதலில் எஸ்கேப், அப்புறம் எஃப் 9. ஏசஸ் என்றால் எஸ்கேப். உன்னுடையது எந்தக் கம்பெனி என்று எனக்கு நினைவில்லை; கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கியது. ஒரு பட்டியல் வரும், அதில் யூஎஸ்பி என்று இருப்பதைத் தேர்ந்தெடு. இரண்டு மூன்று நிமிஷத்தில் மின்ட் சின்னத்தோடு ஒரு புதுத் திரை வரும். அது பென்டிரைவிலிருந்து ஓடுகிறது, உன் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. திரையில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும். அதன் பக்கமே போகாதே பாப்பா. போகவே போகாதே. ஃபைல்கள் என்கிற ஃபோல்டரைத் திறந்து, உன் டிஸ்க்கைத் திறந்து, தீசிஸையும் படங்களையும் வேறொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடு. 'ரீட் ஒன்லி' என்று ஏதாவது சொன்னால் பயப்படாதே. விண்டோஸ் பாதித் தூக்கத்தில் நின்றிருந்தால் அப்படி வரும். படிக்கலாம், எழுத முடியாது. நமக்கு அது நல்லதுதான். முதலில் காப்பி.

லேப்டாப்பிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தி அணைத்துவிடு. அது டிஸ்க்கே பழுது, டேட்டா எடுத்துக் கொடுக்கிற ஆட்களிடம்தான் போக வேண்டும். காசைப் பற்றி யோசிக்காதே. நான் அனுப்புகிறேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தக் காலத்து விண்டோஸ் பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்துவிடுகிறது. பிட்லாக்கர் என்பார்கள். அப்படி இருந்தால், மின்ட்டிலிருந்து திறக்கும்போது 48 இலக்க எண் ஒன்று கேட்கும். லேப்டாப்பை முதலில் ஆன் பண்ணும்போது யாருடைய மைக்ரோசாப்ட் கணக்கைக் கொடுத்தார்களோ அந்தக் கணக்கில் அந்த எண் இருக்கும். மாப்பிள்ளைதான் வாங்கி வந்து எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தார் என்று சொன்னாய். அப்படியானால் அவருடைய கணக்கில்தான் இருக்கும். அவரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கேட்பதற்குச் சங்கடம் என்றால் என்னிடம் சொல். நான் கேட்கிறேன். லேப்டாப்புக்காக என்று மட்டும் கேட்கிறேன், வேறு எதையும் கேட்க மாட்டேன். போன வாரம் இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பார்.

இந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் சுமார்தான். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆச்சி கேட்கும்போதெல்லாம், நம் வீட்டில் முதல் டாக்டர் பட்டம் நீதான், அதை எழுதி முடிக்கிற மும்முரத்தில் இருக்கிறாள் என்று சொல்கிறேன். தெருவில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் வாரத்துக்கு ஒரு வரி போடக்கூடவா நேரமில்லை? 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதுமே. ஒரு காப்பி வேறு இடத்தில் வை, வாரம் ஒரு காப்பி எடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ கேட்டதே இல்லை.

கேட்டதே இல்லை என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாகக் கடையை அடைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வாயில்லை பாப்பா.

2009 கார்த்திகை. அம்மா போய் முதல் வருஷம். வீட்டு கம்ப்யூட்டர் ஏறாமல் நின்றது. நான்தான் விண்டோஸ் எக்ஸ்பி சிடி போட்டு உட்கார்ந்தேன். ராத்திரி பதினொரு மணி, கண்ணெல்லாம் எரிச்சல். நீலத் திரையில் சி டிரைவும் டி டிரைவும் வரிசையாக வந்தன. ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியை, அழிக்க டி எழுத்தை அமுக்க வேண்டும், நிச்சயமாகத்தானா என்று கேட்டால் எல் அமுக்க வேண்டும். சி டிரைவுக்கு அமுக்கினேன். கை அதே வேகத்தில் அடுத்ததற்கும் டி, எல் என்று அமுக்கிவிட்டது. டி டிரைவில்தான் 'அம்மா' ஃபோல்டர் இருந்தது. சித்தப்பா கேமராவில் எடுத்த படங்கள். கடை மைக்கில் வடக வத்தல் அளவெல்லாம் உனக்காகச் சொல்லிப் பதிந்தாளே, அதுவும்.

திரையில் இரண்டு வரியும் ஒன்றாகிவிட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. மறுநாள் பத்திரிகை டெலிவரி இருந்தது. ஃபார்மட் பண்ணி, விண்டோஸ் போட்டு, தமிழ் ஃபான்ட்டெல்லாம் அதன்மேலேயே ஏற்றினேன். எக்ஸ்பி ஃபார்மட் பண்ணும்போது டிஸ்க்கை முழுதாகத் துடைப்பதில்லை, பழையது அடியில் கிடக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷமே அணைத்துவிட்டு நாப்பிக்ஸ் போட்டு, அழிந்ததை மீட்கிற டெஸ்ட்டிஸ்க் மாதிரி ஒரு கருவியை ஓட்டியிருந்தால் நிறையத் திரும்பியிருக்கும். அந்த சிடி பத்தடி தூரத்தில் டிராயரில் இருந்தது.

நீ காலேஜிலிருந்து வந்து கேட்டபோது, நீ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி எல்லாம் போய்விட்டது என்று சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லைக்குப் போய் அந்தப் பென்டிரைவைக் கிணற்றில் போட்டாய். இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. உன்னுடைய எதையும் இந்த வீட்டில் வைத்ததும் இல்லை. ஏதாவது தவறிப் போனால் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாயோ என்னவோ. உன் பென்டிரைவில் ஒன்றும் இல்லை பாப்பா. நான்தான் அழித்தேன். அத்தைக்கும் தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பென்டிரைவை மூன்று மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் பூட் ஆனது. நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அதோடு இன்னொன்று, 16 ஜிபி, காலியாக வைக்கிறேன். உன் லேப்டாப் சரியானதும் விண்டோஸில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடி அதில் செய்து வைத்துக்கொள். மெஷின் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியது அது. அத்தை போட்ட கூழ்வத்தலும் ஒரு பொட்டலம் வைக்கிறேன். லேப்டாப்போடு நீயே கிளம்பி வந்துவிட்டாலும் சரி, மேல அறையைக் கழுவி விட்டிருக்கிறது. கட்டிலுக்குப் புது மெத்தை போட்டாயிற்று. எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பார்சல் கட்டியாயிற்று. முகவரி மட்டும்தான் பாக்கி. போன தடவை அனுப்பின வீட்டு முகவரியா, சேலத்துப் பிள்ளை வீடா? எது என்று மட்டும் ஒரு வரி போடு. கூரியர்காரர் நாளைக்கு நாலு மணிக்கு வருவார்.

அன்புடன்,
அப்பா