பழைய கார்களின் வரைபடங்களைத் திறந்துவிடுங்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நாலு வருஷமாக ஒரு பழைய காரை வீட்டிலேயே பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். 1960களில் வந்த, நாலு கதவுள்ள சாதாரணக் கார். பந்தயத்தில் ஓடியதில்லை. பெயர் பெற்றவர்கள் யாரும் வைத்திருந்ததில்லை. குடும்பங்கள் தவணை கட்டி வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிய வண்டி. வேலை முடிந்த சாயங்காலங்களிலும் விடுமுறை நாட்களிலும், மிச்சம் பிடித்த காசை வைத்துச் செய்கிற வேலை இது. என்னைப் போல உலகம் முழுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சார்பாகப் பேச எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஆனால் நான் கேட்கப்போவது அவர்கள் எல்லாருக்கும் வேண்டியதுதான்.

நீங்கள் தயாரிப்பை நிறுத்திவிட்ட கார்களின் பணிமனைக் கையேடுகளையும் வயரிங் படங்களையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இனி செய்யப்போவதில்லை என்று நீங்களே முடிவு செய்துவிட்ட உதிரி பாகங்களின் வரைபடங்களையும் அவற்றோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படி வீட்டில் கார் கட்டுவதில் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், பெயிண்டில் போகும், குரோம் பூச்சில் போகும் என்பார்கள். என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. அளவு தெரியாமல் வாங்கிய பாகம், முறை தெரியாமல் செய்து திரும்பச் செய்த வேலை, இந்த இரண்டும்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உழைப்பு நம்முடையது, அதற்குக் காசு இல்லை. துரு எடுக்கக்கூடப் பெரிய செலவில்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் முங்க வைக்க வேண்டும். வருகிற வாயு ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எவர்சில்வர் தகட்டை மட்டும் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் விஷமாகக் கரைந்து வரும். சார்ஜரைப் போட்டதும் பாகத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். மறுநாள் எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு கறுப்பு மண்டியாகக் கழன்று வரும்.

அப்படி ஒரு நாள் பின்சக்கரத்து பிரேக் பாகம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மண்டிக்கு அடியிலிருந்து ஏழு இலக்க எண் ஒன்று மெல்ல மெல்லத் தெரிந்தது. வார்ப்பிலேயே பதித்த எண். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அந்தப் பாகத்தை வரைந்து, அந்த எண்ணைக் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டிருப்பார். எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, காரைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். பாகத்தைக் கேட்கவில்லை, அதன் அளவை மட்டும் கேட்டேன். அந்த மாடலுக்கு இப்போது எந்தச் சேவையும் தருவதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள், அதாவது பிரேக்கை அழுத்தும்போது பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளைகள், உள்ளே அரித்துப் போயிருந்தன. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் வண்டி நின்றால் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைக் குழிகுழியாகத் தின்றுவிடும். அரித்த சுவரில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் ஓரிடத்தில் ஓர் அளவு, இன்னோரிடத்தில் வேறு அளவு. வெளிவடிவமும் போல்ட் துளைகளும் பொருந்துகிற ஒரு ஜோடி சிலிண்டர் கிடைத்தது, இரண்டு பக்கமும் மாட்டினேன். ஆளில்லாத ஒரு மைதானத்தில் மெதுவாக ஓட்டி பிரேக்கை அழுத்தியபோது, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் பூட்டிக்கொண்டன. வண்டியின் பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் வீசிக்கொண்டு போய், வந்த திசையைப் பார்த்து நின்றது. வேகம் குறைவு, சுற்றிலும் யாரும் இல்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிக் கதவைப் பிடித்தபோது கை நடுங்கியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தக் காரின் பின்சிலிண்டருக்குத் துளை விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். நான் மாட்டியது எட்டில் ஏழு அங்குலம், 22.2 மில்லிமீட்டர். பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் பிரேக் ஷூவைத் தள்ளும் விசை துளையின் பரப்பளவைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 36 சதவீதம் கூடுதல் விசை வருகிறது. முன்சக்கரம் பிடிப்பதற்கு முன் பின்சக்கரம் பூட்டினால் வண்டி சுழலும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு ஓர் அளவும் வைத்தார்கள். அந்த அறிவு முழுவதும் ஒரு வரைபடத்தின் மூலையில் ஒரே ஓர் எண்ணாக இருக்கிறது. அந்த ஓர் எண் அன்று என்னிடம் இல்லை.

காரின் உடல் தகட்டு வேலையிலும் இதே கதைதான். இந்த மாதிரிக் கார்களில் தனிச் சேசிஸ் கிடையாது, உடல் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற பெட்டித் தகடு இரண்டு பக்கமும் துருவில் உளுத்திருந்தது. கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைத்து, உடலை இறுக்கிய பிறகுதான் அதை வெட்ட வேண்டும். எனக்கு அது தெரியாது. கிரைண்டரை எடுத்து வெட்டினேன். வெட்டி முடித்தபோது கதவு மூடவில்லை, வாசல் நடுவில் தொய்ந்துவிட்டது. ஜாக்கி கொடுத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ஆனால் எவ்வளவு தூக்கினால் சரி என்பதற்கு அளவு வேண்டுமே. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும் அடிப்பாகத்து அளவுப் படம் ஒன்று உங்கள் பழைய கையேட்டில் இருந்திருக்கும். அது இல்லாமல், இடப்பக்கத்தை வைத்து வலப்பக்கத்தையும் வலப்பக்கத்தை வைத்து இடப்பக்கத்தையும் சரி பார்த்துக்கொண்டு ஏழு மாதம் ஓடியது. இப்போது கதவு மூடுகிறது. மேல் விளிம்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி மட்டும் இன்னும் இருக்கிறது.

மரை விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் முறையில் அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, யு.என்.சி. என்ற அமெரிக்க முறையில் அதே தடிமன் போல்ட்டில் 13. ஒன்றில் மற்றதன் நட்டைப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். எந்த இடத்தில் எது என்று எழுதிய ஒரு பட்டியல் போதும்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். இந்தக் கார்கள் வந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2021இல் உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவும் அதை நிறுத்தியது. நிறுத்த வேண்டியதுதான், அது மனிதர்களுக்குக் கேடு. ஆனால் அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. இப்போது கடினப்படுத்திய வளையம் போட வேண்டுமா, இருப்பதே தாங்குமா என்பது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை என்ன உலோகத்தில் வார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெட்ரோலில் எத்தனால் கலந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பி வெடிக்கின்றன. எந்த இடத்தில் என்ன ரப்பர் போட்டார்கள் என்று தெரிந்தால் மாற்றுப் பொருளை யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தகவல் எல்லாம் உங்கள் அலமாரிகளில்தான் இருக்கிறது.

உங்களில் சிலர் நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. முதல் தலைமுறை ரோட்ஸ்டர் (எம்.எக்ஸ்-5) காருக்கு மாஸ்டா பழைய பாகங்களை மறுபடி செய்தது, அந்தக் காருக்கு ஆரம்பத்தில் வந்த டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் திரும்பத் தயாரித்தது. நிசான் ஆர்-32 ஜி.டி.ஆர். காருக்குப் பாகங்களை மறுபடி விற்கிறது. போர்ஷே தன் 959 காரின் கிளட்ச் நெம்புகோலை முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) முறையில் செய்துகாட்டியது. டொயோட்டா 2000ஜிடி காரின் கியர் பாக்ஸ் பாகங்களை மறுபடி செய்கிறது. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988இலிருந்து அதன் முழு உடலையே புதிதாகச் செய்து கொடுத்தது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ். மனம் இருந்தால் முடியும் என்று இவை காட்டுகின்றன.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். 2000ஜிடி மொத்தமே சுமார் 350 கார்கள். 959 முந்நூறுக்கும் குறைவு. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஏலத்தில் விலை ஏறிய கார்களும், ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள கார்களும்தான். அதிகம் விற்ற கார்களில் பீட்டிலுக்கும் மினிக்கும் கவலையில்லை. பீட்டில் இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டது, மினி ஐம்பது லட்சத்தைத் தாண்டியது, அதனால் அவற்றுக்குப் பாகம் செய்ய யாராவது எப்போதும் இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மாடல்கள்தான் பாவம். அன்றைக்கு ஊரெல்லாம் ஓடின, இன்று சேகரிப்பாளர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மறுபடி செய்தால் லாபம் வராது. உங்களுக்கு லாபம் வராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் பாகத்தைக் கேட்காமல் காகிதத்தைக் கேட்கிறேன்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வரைபடத்தை வைத்து யாராவது மட்டமான பாகம் செய்து விபத்து நடந்தால் எங்கள் பெயர் கெடுமே என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் இப்போது என்ன நடக்கிறது? தேய்ந்த பாகத்தை அளந்து, அந்தத் தேய்ந்த அளவிலேயே புதுப் பாகம் செய்கிறார்கள். வரைபடம் இல்லாததால் யாரும் நிறுத்திவிடவில்லை, தப்பாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் சின்னத்தைப் பாகத்தில் பொறிக்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள், பொறுப்பு செய்பவருடையது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நாங்கள் ஒத்துக்கொள்வோம்.

பிரேக், கார்புரேட்டர், டைனமோ எல்லாம் வேறு கம்பெனிகள் செய்து கொடுத்தவை, அவற்றின் வரைபடம் எங்களுடையதல்ல என்பீர்கள். சரி, உங்களுடையதை வெளியிடுங்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். தொழில் ரகசியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய, எஞ்சினில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட் செட்டிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் இன்று போட்டியாளர் திருட என்ன இருக்கிறது?

பழைய காகிதங்களையும் மைக்ரோஃபிலிம் சுருள்களையும் எடுத்து ஸ்கேன் செய்ய ஆளும் காசும் வேண்டும், உண்மைதான். கதவைத் திறந்துவிட்டால் அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்ய ஆட்கள் வருவார்கள். நானே வருவேன். ஆனால் காலம் அதிகம் இல்லை. அந்தக் காகிதங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளையும் சுருக்கெழுத்துகளையும் படித்துப் பொருள் சொல்லக்கூடிய உங்கள் பழைய வரைவாளர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. கட்டடம் மாறும்போதும் நிறுவனம் கைமாறும்போதும் இடத்தை அடைக்கிறது என்று முதலில் கழிக்கப்படுவது இந்தப் பெட்டிகள்தான்.

உலகளவில் பழைய வாகனங்களுக்கான ஃபிவா என்ற கூட்டமைப்பு, 30 வருஷத்துக்குக் குறையாத வயதும், சரியான பழைய நிலையில் பராமரிப்பும் இருந்து, அன்றாடப் பயணத்துக்கு ஓட்டாமல் வைத்திருந்தால் ஒரு வண்டியை வரலாற்று வாகனம் என்று ஏற்கிறது. சரியான பழைய நிலை எது என்று சொல்ல உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பின்சிலிண்டரின் சரியான அளவை நான் கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். அதே மாடலை வைத்திருந்து உடைத்து விற்ற ஒருவர், பிரிக்கவே பிரிக்காத ஒரு பழைய சிலிண்டரை வைத்திருந்தார். பிஸ்டன் உள்ளே இறுகிப்போயிருந்தது. இரண்டு வாரம் எண்ணெயில் ஊறப்போட்டு மெதுவாகத் தட்டி எடுத்தேன். பிஸ்டன் மறைத்திருந்த இடத்தில் உட்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கே அளந்தேன், 19.05. அதை ஒரு தாளில் வரைந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

எந்தக் காரின் கையேட்டை முதலில் வெளியிடுவது என்று உங்களுக்குள் பேச்சு வந்தால், அன்றைக்கு நன்றாக விற்று இன்றைக்கு விலை போகாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பிரேக் பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
வீட்டில் கார் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்