“பார்ப்பம்” என்றால் எந்தத் திகதியிலிருந்து?

திருகோணமலை மாவட்டக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும்,

வணக்கம்.

என் மகன் இரண்டு வயதிலேயே வாய் ஓயாமல் கதைத்தவன். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும்போது நிற்கிற மான்களுக்கெல்லாம் பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருவான். மூன்று வயது நிறையக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அதே வழியில், “அம்மா, மா-மா-மா-மா...” என்று தொடங்கியவன் அந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டான். கண்ணை இறுக்க மூடினான். வலது காலால் நிலத்தில் ஒரு உதை உதைத்த பிறகுதான் “மான்” வந்தது. அதற்குள் மான் பற்றைக்குள் போய்விட்டது.

திக்குவாய் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக் கதைக்கவிடச் சொன்னார் ஒருவர். மூன்று வயதுப் பிள்ளையின் தொண்டையில் போய் அடைக்கக்கூடிய சாமான் அது, தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். தமிழோடு சிங்களமும் இங்கிலீசும் கலந்து கதைத்ததால்தான் பிள்ளை குழம்பிவிட்டது என்றார்கள். நம்முடைய ஊரில் இரண்டு மூன்று மொழி புழங்குகிற வீடு எத்தனை! அதனால் திக்கு வருவதில்லை. தாய் பயப்படுத்தியதாலோ, நாக்கு தடிப்பாக இருப்பதாலோகூட வருவதில்லை. பேச்சை ஒழுங்குபடுத்துகிற மூளையின் வேலையில் உள்ள வித்தியாசம் அது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது.

கிளினிக்கில் கேட்டேன். “ஆம்பிளப் பிள்ளதானே அம்மா, போகப் போகச் சரிவரும். பார்ப்பம்” என்றார் அங்கிருந்த குடும்பநல மிஸ். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நூறு பிள்ளைகளில் ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், அதிகமாக இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில். நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளுக்கு அது தானாகவே விட்டுப்போகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் மிஞ்சுகிறார்கள். ஆனால் ஆண்பிள்ளை என்பது ஆறுதல் சொல்வதற்கான காரணமே இல்லை. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்குத்தான் அது விடாமல் தங்குவது அதிகம். குடும்பத்தில் யாருக்காவது பெரிய வயதிலும் திக்கு இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. என் கணவரின் தமையனுக்கு இருக்கிறது.

பிறகு இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரைக் கண்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “எப்ப தொடங்கினது?” நான் தைப்பொங்கலுக்கு முதல் என்றேன். கணவர் பங்குனித் தேருக்குப் பிறகு என்றார். இடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம். திக்கு ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதா என்பது அவருக்கு முக்கியம், எங்களிடம் பதில் இல்லை. கையிலிருந்த கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். நிறைக்கு ஒவ்வொரு மாதமும் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தது. ஊசி போட்ட நாளெல்லாம் இருந்தது. பேச்சைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர்களிடம் நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். “பார்ப்பம்” என்று சொல்லும் நாளில் திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். கூடவே நாலு விஷயம்: எழுத்து திரும்பத் திரும்ப வருகிறதா, இழுபடுகிறதா, சத்தமே வராமல் அடைத்து நிற்கிறதா, முகத்திலோ கண்ணிலோ இறுக்கம் தெரிகிறதா. ஆறு மாதத்தில் விடவில்லை என்றால் அனுப்பிவையுங்கள். பிள்ளை தானே கவலைப்பட்டால், கதைக்காமல் ஒதுங்கினால், அந்த ஆறு மாதமும் காத்திருக்க வேண்டாம். சுணங்கிக் கதைக்கிற பிள்ளையின் கதை வேறு. இரண்டு வயதாகியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்க்காத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதென்றாலும் உடனே அனுப்புங்கள்.

அனுப்பினால் போய்ச்சேர இடம் வேண்டும் என்பதும் தெரியும். ஈச்சிலம்பற்றையிலிருந்து ஒரு தாய் பட்டினம் வந்துபோனால் அன்றைய கூலி போய்விடும். தமிழில் கதைக்கிற சிகிச்சையாளர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் இருக்க வழி செய்யும்படி பிராந்திய சுகாதாரப் பணிமனையிடமும் இம்மடல் மூலம் கேட்கிறேன். ஆறு வயதுக்குள் தொடங்கினால் பலன் நல்லது. சிட்னியில் உருவான லிட்கம் முறையில் சிகிச்சையாளர் வழிகாட்ட, தாய் தகப்பனே வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் பேச்சுப் பயிற்சி செய்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஆசிரியைகளே, உங்களிடம் சொல்ல இருப்பது இன்னும் மனசுக்குக் கிட்டியது. கலைவிழாவுக்கு மகனுக்கு ஒரு வரி தந்திருந்தார்கள்: “நான் மாம்பழம், மஞ்சள் நிறம்.” குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே சொல்லித் திரிந்தான். ஒத்திகையில் “மா” அடைத்தது. அடுத்த நாள் அந்த வரி வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, இவன் கையில் ஒரு கொடி. பிள்ளை சபையில் வெட்கப்படக்கூடாது என்று நினைத்துத்தான் ரீச்சர் செய்தார், அவர்மேல் கோபமில்லை. ஆனால் அதன் பிறகு கோயில் வழியில் அவன் மான் என்று சொல்லவில்லை. “அம்மா, அங்க கொம்பு வச்சது” என்றான். நாலு வயதில், தடக்குகிற சொல்லைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டான். திக்கைவிட எனக்குப் பயம் தந்தது அதுதான்.

“ஆறுதலாச் சொல்லு”, “மூச்சை எடுத்துப்போட்டுச் சொல்லு” என்று நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அவன் முகம்தான் இறுகியது. நீங்கள் ஆறுதலாகக் கதையுங்கள், பிள்ளை தானாக இறங்கிவரும். அவன் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்து நில்லுங்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் பழித்துக் காட்டினால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கலைவிழாவில் வரியைப் பறிக்காமல் வேறொன்று செய்யலாம். திக்குகிற பிள்ளையும் பாட்டிலும், இன்னொருவரோடு சேர்ந்து சொல்லும்போதும் அனேகமாகத் திக்குவதில்லை. ஆகவே இரண்டு மாம்பழங்களை நிறுத்துங்கள். இரண்டு பிள்ளைகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகச் சொல்லட்டும். ஒரு பிள்ளை தனியாகத்தான் சொல்வேன் என்று நின்றால் அதற்கும் விடுங்கள். அடைத்தால் அடைக்கட்டும், நாங்கள் கீழே கதிரையில் காத்திருப்போம்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு தாய்