ஸ்டாக் உள்ளவரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை தங்கள் நாளிதழின் கடலூர் பக்கத்தில் 'ஒரு ரூபாய் நோட்டுக்கு பிரியாணி: முண்டியடித்த கூட்டம்' என்று ஒரு படம் வந்திருந்தது. அதில் இடது ஓரமாக, பேரிகேடைப் பிடித்துக்கொண்டு வழுக்கைத் தலையோடு ஒருவர் நிற்கிறாரே, அது நான்தான். படத்துக்குக் கீழே 'பிரியாணி மோகம்' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

மோகமெல்லாம் ஒன்றுமில்லை. பேரன் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் காட்டினான். மஞ்சக்குப்பத்தில் புதுக்கடை, ஞாயிறு காலை 11 மணிக்குத் திறப்பு, பழைய ஒரு ரூபாய் நோட்டைக் கொண்டுவந்தால் ஒரு சிக்கன் பிரியாணி. உள்ளூரில் ரீல் போட்டே பெயர் வாங்கிய ஒரு பையன் 'கடலூர் மக்களே, எல்லாரும் வாங்க' என்று கைதட்டிக் கூப்பிட்டான். எத்தனை பேருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், இல்லை.

அதைத் தேடிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. திருப்பாப்புலியூரில் ஒரு அச்சகத்தில் 27 வருஷம் கம்பாசிட்டராக, அதாவது அச்செழுத்துக் கோப்பவனாக இருந்தவன் நான். ஆடித் தள்ளுபடி, ஜவுளிக்கடை திறப்பு, புதுப்படம் என்று என் கையால் கோத்த பிட் நோட்டீஸ்களுக்குக் கணக்கில்லை. 'இலவசம்' என்பதை மர எழுத்தில் பெரிதாகக் கோப்போம். 'ஸ்டாக் உள்ளவரை' என்பது அடியில், 8 பாயின்ட் பொடி எழுத்தில் போகும். அதில் கொஞ்சம் களவாணித்தனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் எங்கள் முதலாளி மெஷினில் ஏற்ற விடமாட்டார். 'நாளைக்கு அவன் கடை வாசல்ல அடிதடின்னா, நம்ம பேரும் அதுல இருக்குடா' என்பார். அச்சகத்தின் பெயர் இல்லாமல் நோட்டீஸ் அடிக்கக் கூடாது என்பது அன்றைக்குச் சட்டம். ரீலில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

இலவசம் சொல்லி மாட்டிக்கொள்வது புதிதல்ல. 1992இல் பிலிப்பைன்ஸில் பெப்சி கம்பெனி மூடிக்கு உள்ளே எண் அச்சிட்டுப் பரிசு அறிவித்தது. பெரிய பரிசு 10 லட்சம் பெசோ. டிவியில் 349 என்று வெற்றி எண்ணை அறிவித்தார்கள். பார்த்தால், அந்த எண் லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகி ஊரெல்லாம் போயிருந்தது. ஆளுக்கு 500 பெசோ தருகிறோம் என்று சமாதானம் சொன்னார்கள். ஊர் கேட்குமா? லாரிகளைக் கொளுத்தினார்கள், உயிர்களும் போயின, வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. ஒரு எண்ணைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்று கம்பாசிட்டருக்குத் தெரியும். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் கம்பெனிக்கு அது நஷ்டமாகவும் அவமானமாகவும் முடிந்தது. மஞ்சக்குப்பத்தில் நடந்தது தலைகீழ். காலை 8 மணிக்கே வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. நோட்டை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பதினொன்றரை மணிக்கு உள்ளே ஏதோ தீர்ந்துவிட்டது என்று பேச்சு வர, பின்னால் இருந்தவர்கள் தள்ள, ஒரு பெண் குழந்தையோடு விழுந்தார். நல்லவேளை, பக்கத்திலிருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். போலீஸ் வந்து ஷட்டரை இறக்கச் சொன்னது. ரோட்டில் ஒற்றைச் செருப்புகளாகக் கிடந்தன. மொத்தமே 50 பார்சல்தான் போட்டார்கள் என்று முன்னால் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார்.

சாயங்காலம் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புது ரீல். அதே தள்ளுமுள்ளு, அதே போலீஸ், பின்னால் தாரை தப்பட்டை, மேலே 'ஸ்தம்பித்தது கடலூர்!' என்று எழுத்து. பிரியாணி ரீலைவிட இதைத்தான் எங்கள் தெருவில் அதிகம் பேர் பார்த்தார்கள். 50 பார்சல் செலவில் இவ்வளவு கூட்டத்தைப் படம்பிடிக்க முடிந்தால், 51ஆவது பார்சலை எவன் போடுவான்?

ரீல் பிள்ளைகள்மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் இல்லை. 2019 மே மாதம் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்க, நம்மூர்க்காரர் ஒருவர் சினிமாவில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி தலையில் அது விழுந்த கதையைச் சொல்ல, நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே! யாரும் காசு கொடுத்துச் செய்த வேலையில்லை, யாரும் மிதிபடவும் இல்லை. கம்பெனிகள் அப்புறம்தான் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன.

இதற்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிகளில் தூண்டில் விளம்பரம் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. கொடுக்கப் போதுமான சரக்கு இல்லாமல் விலையைக் குறைத்துக் காட்டி ஆளைக் கூப்பிடக் கூடாது, சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் முதலாளியின் அதே 8 பாயின்ட் வரிதான். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். காசு வாங்கிக்கொண்டு ரீலில் பேசுபவர், வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது ஆணையத்துக்கு அல்ல, தங்களுக்கு. தங்கள் படத்தில் குழந்தையோடு விழுந்த பெண் இல்லை. கடையின் பெயர்ப்பலகை மட்டும் பளிச்சென்று, முழுசாக இருக்கிறது. திங்கட்கிழமை காலையே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து 'பேப்பரிலும் நம்ம கடை' என்று அவர்கள் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை பலகையை வெட்டிவிட்டுப் படம் போடுங்கள். எத்தனை பார்சல் கொடுத்தார்கள் என்று கேட்டு ஒரு வரி சேருங்கள். 8 பாயின்ட்டில் போட்டாலும் போதும்.

இன்னொன்று. நான் கொடுத்த நோட்டு 1986இல் என் கல்யாணத்துக்கு அத்தை வைத்த 51 ரூபாய் மொய்யில் இருந்த ஒரு ரூபாய். சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததைப் பேரன் கேட்டான் என்று எடுத்துப்போனேன். வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. கடைக்காரர் இதைப் படித்தால் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். டோக்கன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிரியாணி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.